கியர் ‘பி’யில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்: கோலாலம்பூரில் புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு

அக்கா மகளுக்குப் ‘பி’ லைசன்ஸ் (புதிய ஓட்டுநர்களுக்கான முதல் உரிமம்) கிடைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. “செந்தூல்லேருந்து செராஸ் வரைக்கும் நானே ஓட்டுறேன், பக்கத்துல உட்காருங்க மாமா” என்றாள். ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடி பார்ப்பது, சிக்னல் போடுவது, பிரேக் மிதிப்பது எல்லாம் நன்றாகவே இருந்தது. ஜாலான் துன் ரசாக்கில் இஸ்தானா புடாயாவைத் தாண்டியதும் போனில் வழிகாட்டும் வேஸ் செயலி ஏதோ சொன்னது. பாட்டுச் சத்தத்தில் அவளுக்குக் காதில் விழவில்லை. குனிந்து, கப் வைக்கும் குழியில் கிடந்த போனை எடுத்தாள், நிமிர்த்தினாள், பார்த்தாள், திரும்ப வைத்தாள். மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கு வினாடி. அதற்குள் எங்கள் மைவி கார் இடப்பக்கக் கோட்டின் மேல் ஏறியிருந்தது. ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஹார்னை அழுத்தியபடியே ஒதுங்கிப் போனார்.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மேட்டில் நிறுத்தி எடுப்பது, பார்க்கிங் போடுவது, மூன்று திருப்பில் வண்டியைத் திருப்புவது எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போனை எங்கே வைப்பது, டோல் கார்டை எப்போது தேடுவது, பின்சீட்டில் சண்டை போடும் தம்பியை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அந்த மிச்சப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலானது கார் நகர்வதற்கு முன்னால், கியர் ‘பி’யில், அதாவது ‘பார்க்’கில், இருக்கும்போது செய்யவேண்டிய வேலை. மேனுவல் வண்டி என்றால் ஹேண்ட்பிரேக் போட்டிருக்கும்போது. வண்டி நகர்ந்த பிறகு கவனமாக இருப்பேன் என்று சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

முதலில் அந்த நான்கு வினாடிக் கணக்கு. நாங்கள் 60-ல் போய்க்கொண்டிருந்தோம். 60 என்றால் வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர், நான்கு வினாடிக்கு 67 மீட்டர். ஒரு பூப்பந்துத் திடலின் நீளம் 13.4 மீட்டர். ஐந்து திடல்களை வரிசையாகப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு அத்தனையையும் கடந்தது மாதிரி. ஹைவேயில் 110-ல் போகும்போது அதே நான்கு வினாடியில் 120 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். இன்னொன்றும் உண்டு: கண் போகும் பக்கம் கை போகும். நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார், போன் இடப்பக்கக் குழியில் இருக்கிறது. அதனால் குனிந்தால் வண்டி இடப்பக்கம் சாயும். மோட்டார் சைக்கிள்கள் நம்மை ஒட்டிப் போவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்.

1. போனுக்கு ஓர் இடம், ஒரு வாய்ப்பூட்டு

போன் மடியில், தொடைக்கு அடியில், கப் குழியில், பக்கத்து சீட்டில் இருக்கக்கூடாது. வேஸ் வேண்டும் என்றால் ஒரு பிடிப்பான் வாங்கி ஏர்கான் துவாரத்திலோ டேஷ்போர்டிலோ மாட்டுங்கள். முன்கண்ணாடியின் நடுவில் ஒட்டினால் பாதை மறையும். ஸ்டியரிங்கின் உயரத்தை ஒட்டி இருந்தால் தலை குனியாமல் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். இரவுச் சந்தையில் விற்கும் மலிவான பிடிப்பான் இரண்டு மாதத்தில் தளர்ந்து, சரியாக ஒரு வளைவில் போனைக் கீழே போடும். அப்போது அனிச்சையாகக் குனியத்தான் தோன்றும். குனியாதீர்கள். கிடக்கட்டும். அடுத்த பெட்ரோல் நிலையத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

போகும் இடத்தை வீட்டு வாசலிலேயே போட்டுவிடுங்கள். போட்டதோடு விடாமல் முழுப் பாதையையும் ஒருமுறை விரலால் நகர்த்திப் பாருங்கள். எந்த ஹைவே, எந்தச் சிம்பாங் (பிரியும் சாலை), இடமா வலமா என்று இரண்டு மூன்று பெயர் மனதில் இருந்தால் போதும். கோலாலம்பூரில் இது ரொம்பவே முக்கியம். மேலே ஒரு சாலை, கீழே ஒரு சாலை என்று அடுக்கடுக்காகப் போகும் இடங்களில் நீங்கள் எந்த அடுக்கில் இருக்கிறீர்கள் என்பது வேஸுக்கே சில சமயம் குழப்பமாகிவிடும். 2007-ல் திறந்த ஸ்மார்ட் சுரங்கத்தில் கார்கள் போகும் பகுதி சுமார் 4 கிலோமீட்டர். உள்ளே ஜி.பி.எஸ். தடுமாறும். அம்புக்குறி உறைந்து நின்றதும் புதியவர்கள் போனைத் தட்ட ஆரம்பிப்பார்கள். வெளியே வந்ததும் எந்தப் பக்கம் என்பதை நுழையும் முன்பே தெரிந்துவைத்திருந்தால் தட்டவேண்டிய அவசியம் இல்லை.

சிம்பாங்கைத் தவறவிட்டால்? விட்டதுதான். நேராகப் போங்கள். அடுத்த யூ-டர்னுக்குப் பத்து நிமிடம் ஆகும், ஜாமில் இருபது. கடைசி நொடியில் மூன்று லேன் வெட்டுபவர்களில் பாதிப்பேர் அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்பது என் சொந்த அனுமானம், ஆதாரம் கேட்காதீர்கள்.

பாதை சொல்லும் குரலைச் சத்தமாகவும் பாட்டை அதைவிடக் குறைவாகவும் வையுங்கள். என் மருமகள் குனிந்ததற்கு நேரடிக் காரணம் இது ஒன்றுதான். ராகாவோ மின்னலோ, வானொலி நிலையத்தையும் பாட்டுப் பட்டியலையும் ‘பி’யிலேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள். புதிய வண்டிகளில் ஏர்கான் குமிழ்கூடத் திரைக்குள் போய்விட்டது. பழைய குமிழைத் தடவியே திருப்பலாம், திரையைப் பார்த்துத்தான் தொடவேண்டும். குளிர் அளவையும் முன்னாலேயே சரிசெய்துகொள்ளுங்கள்.

அப்புறம் வாய்ப்பூட்டு. ஐபோனில் ‘செட்டிங்ஸ்’, ‘ஃபோகஸ்’, ‘டிரைவிங்’ என்று போனால், காரின் புளூடூத்தோடு இணைந்ததும் தானாகவே செய்திகளை அடக்கிவைக்கும் வசதி இருக்கிறது. ‘ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன்’ என்று பதிலும் போகும்படி எழுதிவைக்கலாம். சாம்சங்கில் ‘மோட்ஸ் அண்ட் ரூட்டீன்ஸ்’ பகுதியில் இதேபோல ஒன்று உண்டு. மற்ற போன்களில் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டாலே பாதி வேலை முடிந்தது. இதை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், மனவுறுதி என்பது ஒரு ‘டிங்’ சத்தம் வரைக்கும்தான் தாங்கும். சத்தமே வராவிட்டால் உறுதிக்கு வேலை இல்லை. பாதை தெரிந்த இடத்துக்குப் போகிறீர்களா? போனைப் பையில் போட்டுப் பையைப் பின்சீட்டில் வைத்துவிடுங்கள். கைக்கு எட்டாத இடம்தான் நல்ல இடம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து விதிகளில் 17ஏ விதி, ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் இது பொருந்தும் என்று போலீஸ் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. ‘நின்னுக்கிட்டுத்தானே சார் இருந்தேன்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கவனக்குறைவாக ஓட்டியதாக 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் நீதிமன்றம் போனால் அபராதமே 4,000 ரிங்கிட்டில் தொடங்கி 10,000 வரை போகும், அதன்மேல் 12 மாதம் வரை சிறையும் உண்டு.

ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசலாமே என்று கேட்பீர்கள். கை சும்மா இருக்கும், சரி. மனம்? ஓட்டிக்கொண்டே போனைப் பயன்படுத்துபவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்றும், ஹேண்ட்ஸ்ஃப்ரீ கையில் பிடித்துப் பேசுவதைவிடப் பெரிதாகப் பாதுகாப்பானது இல்லை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அமெரிக்காவில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் மனம் முழுதாகச் சாலைக்குத் திரும்ப 27 வினாடி வரை ஆகலாம் என்று கண்டது. ‘ரெண்டு நிமிஷத்துல வந்துருவேன்’ என்ற அளவில் ஒரு வார்த்தை பேசலாம். வீட்டுக்கடன், கல்யாணப் பேச்சு, முதலாளியின் கோபம் இதையெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசாதீர்கள்.

சிவப்பு விளக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் இடித்ததே அங்கேதான். சில வருடங்களுக்கு முன்னால் ஜாலான் ஈப்போவில், மாலை ஆறு மணி ஜாம். எனக்கு முன்னால் ஒரு பெஸ்ஸா கார். கியர் ‘டி’யில், கால் பிரேக்கில், கையில் போன். கோயில் குழுவில் யாரோ அன்னதானப் படம் போட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது. பச்சை விழுந்துவிட்டது என்று கால் தானாகப் பிரேக்கை விட்டது. நகர்ந்தது என் லேன் இல்லை, வலப்பக்கம் திரும்பும் லேன். பெரிய சத்தம்கூட இல்லை, ‘டொக்’ என்று ஒன்று. பெஸ்ஸாவிலிருந்து ஒரு வயதான பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) இறங்கினார். பம்பரைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். போன் இன்னும் கையிலேயே இருந்தது, திரையில் சாம்பார் வாளி. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்யவேண்டும். செய்தேன். பின்னாலிருந்து இடித்தவன் நான் என்பதால் வாதாட ஒன்றும் இல்லை. 300 ரிங்கிட் சம்மன். அது போகட்டும். ஐந்து வருடம் ஒரு கோரிக்கையும் இல்லாமல் சேர்த்த 55 விழுக்காடு என்.சி.டி. (காப்புறுதிக் கட்டணத் தள்ளுபடி), அந்தப் பாக்சிக் என் காப்புறுதியில் கோரியதும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. மறு வருடம் காப்புறுதி புதுப்பிக்கப் போனபோதுதான் அந்த அன்னதானப் படத்தின் விலை தெரிந்தது. ஆகவே நிற்கும்போதும் கை ஸ்டியரிங்கில், கண் முன்னால். விளக்குப் பக்கத்தில் வினாடிகள் குறைந்துகொண்டே வரும் எண்பலகை இருந்தால், ‘இன்னும் 70 வினாடி இருக்கே’ என்ற நினைப்புதான் முதல் ஆபத்து.

2. டோல்

டோலுக்கு முந்நூறு மீட்டர் முன்னால் பல கார்களில் ஒரே காட்சி: ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கைப்பையில், கண் கைப்பைக்குள். சரியாக அதே இடத்தில்தான் எல்லாரும் ஆர்.எஃப்.ஐ.டி. (வண்டியில் ஒட்டிய வில்லை) லேனா, ஸ்மார்ட் டேக் (காருக்குள் வைக்கும் கருவி) லேனா, டச் அண்ட் கோ (தொட்டுக் காட்டும் கார்டு) லேனா என்று குறுக்கும் நெடுக்கும் மாறுவார்கள். கார்டைக் கிளம்பும் முன்பே எடுத்து, டேஷ்போர்டின் வலது ஓரத்தில் நழுவாத இடமாக வையுங்கள். எப்போதும் அதே இடம். கார்டில் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே பாருங்கள். ஆர்.எஃப்.ஐ.டி. என்றால் போனிலுள்ள இவாலட்டில் பார்த்துவிடுங்கள். கம்பம் தூக்காமல் நின்று, பின்னால் பத்துப் பேர் ஹார்ன் அடிக்க, பதற்றத்தில் ரிவர்ஸ் எடுப்பது புதியவர்களுக்கு நேரக்கூடாத அனுபவம். தவறான லேனில் நுழைந்துவிட்டால் பின்னால் எடுக்காதீர்கள். அவசர விளக்கைப் போட்டு, உதவிப் பொத்தானை அழுத்திக் காத்திருங்கள். ஹார்ன் அடிப்பவர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

3. தொங்குவது, உருள்வது, சிந்துவது

நம்மவர்கள் காரில் பிள்ளையார் இருப்பார். நன்றாக ஒட்டியிருந்தால் அவர் இருக்கட்டும். மாலையைத்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை வாங்கிய மல்லிகையை உள்கண்ணாடியில் மாட்டிவிடுகிறோம். வண்டி திரும்பும்போதெல்லாம் அது ஊஞ்சலாடும். கண் அசைவைத் தேடும் பழக்கமுள்ளது, அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அரை நொடி அங்கே போய்வரும். அதைவிட மோசம், இடப்பக்கச் சிம்பாங்கிலிருந்து வரும் மோட்டார் சைக்கிள் ஒன்று அந்த மாலைக்குப் பின்னாலேயே முழுதாக மறைந்துவிடும். மாலையைப் பிள்ளையாரின் காலடியில் வையுங்கள். அவருக்குத்தானே வாங்கியது.

அடுத்து, காலடியில் எதுவும் இருக்கக்கூடாது. தண்ணீர் பாட்டில் உருண்டு பிரேக்குக்கு அடியில் போனால் பிரேக் முழுதாக இறங்காது. புட்டி, குடை, பிள்ளையின் பொம்மை எல்லாம் பின்னால் அல்லது கதவுப் பையில். சிலிப்பர் போட்டு ஓட்டுபவர்களுக்கு: குதிகால் கவ்வாத செருப்பு பெடலில் மாட்டும். அதைச் சரிசெய்ய ஒரு பார்வை கீழே போகும். கார் ஓட்ட ஒரு ஜோடி ஷூ வண்டியிலேயே கிடக்கட்டும். கழற்றிய சிலிப்பரை ஓட்டுநர் பக்கம் போடாதீர்கள்.

மாமாக் கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் தே ஐஸுக்கு (ஐஸ் போட்ட தேநீர்) நானும் அடிமைதான். கியர் கம்பியில் மாட்டி, உறிஞ்சு குழாயைத் தேடிக் குனிந்து உறிஞ்சுவது பலருக்குப் பழக்கம். முதல் ஆறு மாதம் இந்தப் பழக்கம் வேண்டாம். நாசி லெமாக் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், சம்பல் சட்டையில் விழுந்த நொடியில் உலகத்தில் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

4. கூட வருபவர்கள்

பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு வேலை கொடுங்கள். பாதை பார்ப்பது, போனுக்குப் பதில் சொல்வது, டோல் கார்டை எடுத்து நீட்டுவது அவர் பொறுப்பு. நல்ல துணை, ஜாலான் கூச்சிங்கில் லேன் மாறும்போது பேச்சைத் தானாக நிறுத்துவார். போனில் பேசுபவருக்கு அந்த லேன் தெரியாது, அவர் பேசிக்கொண்டே இருப்பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். துணையே ‘இந்த வீடியோவைப் பாரேன்’ என்று திரையை முகத்துக்கு முன்னால் நீட்டுகிறாரா? பின்சீட்டுக்கு அனுப்புங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் பெல்ட்தான் பாதி மருந்து. 2020-லிருந்து குழந்தை இருக்கை கட்டாயம். பின்சீட் பெல்ட் 2009-லிருந்தே கட்டாயம். கட்டிய பிள்ளை எழுந்து வந்து உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளாது. பால், பிஸ்கட், டிஷ்யூ, விளையாட்டுச் சாமான் எல்லாம் கிளம்பும் முன்பே அவர்கள் கைக்கு எட்டும்படி. பின்னால் சண்டை என்றால் திரும்பிப் பார்க்காமல் குரலால் மட்டும் அடக்குங்கள். முடியவில்லையா, ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கி நிறுத்தி, பஞ்சாயத்தை முடித்துவிட்டு எடுங்கள். அம்மா, அத்தை, பாட்டி பின்னால் இருந்து ‘மெதுவாப் போ, அந்தப் பக்கம் பாரு, இவன் ஏன் இப்படி வாரான்’ என்று சொல்லிக்கொண்டே வருவதற்கு என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. முறுக்கு டப்பாவை அவர்கள் கையில் கொடுத்துப் பார்த்தேன், கொஞ்சம் பலன் இருந்தது. ஆனால் முறுக்கை முன்சீட்டுக்கு நீட்டுவார்கள். வாங்காதீர்கள்.

5. சாலைக்கு வெளியே நடக்கும் வேடிக்கை

எதிர்ப்பக்கத்தில் விபத்து, நம் பக்கத்தில் ஜாம். காரணம் தெரிந்ததே: எல்லாரும் மெதுவாக்கிப் பார்க்கிறார்கள். சிலர் பார்ப்பதோடு நிற்பதில்லை, நொறுங்கிய வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் நாலு நம்பர் லாட்டரி எழுதுகிறார்கள். நம்மூர்ப் பழக்கம், நானும் ஒருகாலத்தில் எழுதியவன்தான், ஒருமுறைகூட விழவில்லை. அப்படிப் பார்க்கும்போது முன்னால் போகிறவரும் பார்க்கிறார், பின்னால் வருகிறவரும் பார்க்கிறார். முதலில் பிரேக் போடுபவரை அடுத்தவர் இடிக்கிறார். விபத்தைக் கண்டால் இடைவெளியைக் கூட்டுங்கள், கண்ணை உங்கள் லேனிலேயே வையுங்கள்.

பத்துமலைப் பக்கம் எம்.ஆர்.ஆர்.2 ஹைவேயில் போகும்போது 42.7 மீட்டர் உயர முருகன் தகதகவென்று தெரிவார். தைப்பூசச் சமயத்தில் சாலையோரம் நடந்துபோகும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். கும்பிட வேண்டும் என்றால் மனதுக்குள். ஸ்டியரிங்கை விட்டுக் கைகூப்புபவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

6. மனம் வேறெங்கோ இருந்தால்

இதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது. யாரோ குறுக்கே வெட்டிவிட்டுப் போன கோபம், வீட்டில் நடந்த சண்டை, தூக்கம் எல்லாமே கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே சாலையைப் பார்க்கவிடாமல் செய்யும். கடந்த இரண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை என்றால் அது எச்சரிக்கை. ஹைவேயில் அடுத்த ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்தில் ஒதுங்குங்கள். பதினைந்து இருபது நிமிடம் கண்ணை மூடினால் தெளிந்துவிடும். அவசர லேனில் நிறுத்தித் தூங்குவதோ போன் பேசுவதோ கூடாது. அது பழுதான வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் உரிய இடம். அங்கே நிற்கும் வண்டியைப் பின்னால் வரும் லாரி கவனிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

செராஸிலிருந்து திரும்பும்போது மருமகள் கார் பார்க்கிலேயே மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டாள். மாலையைக் கழற்றினாள். தண்ணீர் பாட்டிலைக் கதவுப் பையில் செருகினாள். பாதையைப் பார்த்து, “துன் ரசாக், பஹாங் ரவுண்டபவுட், செந்தூல்” என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். போன் பைக்குள், பை பின்சீட்டில். வழியில் அது மூன்று முறை அதிர்ந்தது. மூன்று முறையும் அவள் கழுத்து லேசாகத் திரும்பப் பார்த்தது, திரும்பவில்லை. வீட்டு வாசலில் ‘பி’க்கு மாற்றிவிட்டு எடுத்துப் பார்த்தாள். மூன்றும் அக்காதான்: வரும் வழியில் தேங்காய்ப்பால் வாங்கி வரச்சொல்லி. மறுபடி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினோம்.